பெரியாரும் மக்கள்தொகைப் பெருக்கமும்

உங்கள் தாத்தா பாட்டியுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஜொகூரின் குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் என்றால் எட்டு, பத்து என்றுகூட விடை வரலாம். அத்தனை பிள்ளைகளைப் பெற விருப்பமா என்று அந்தத் தாயிடம் யாரேனும் கேட்டிருப்பார்களா? அப்படிக் கேட்க வேண்டும் என்று, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் வாதிட்டவர் தந்தை பெரியார்.

ஈ.வெ. இராமசாமி 1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பத்தொன்பது வயதில், பதின்மூன்று வயது நாகம்மையாரை மணந்தார். அவர்களின் ஒரே குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே இறந்துவிட்டது. அக்காலத்தில் இத்தகைய இழப்பு பல வீடுகளில் நேர்ந்தது. பிறக்கும் பிள்ளைகளில் எத்தனை தங்கும் என்று தெரியாததால்தான் பலரும் நிறையப் பெற்றுக்கொண்டனர். உழைக்கக் கைகள் வேண்டும், ஆண் வாரிசு வேண்டும் என்ற எண்ணங்களும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபோது, மக்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் கிடைக்க இராமசாமி பாடுபட்டார். தூய நீரும் தடுப்பூசியும் மருத்துவமும் பரவிய நாடுகளில் இறப்பு குறைந்தது. பிறப்போ உடனே குறையவில்லை. உலக மக்கள்தொகை பெருகியதற்கு முதன்மைக் காரணம் இதுவே. 1927ஆம் ஆண்டளவில் 200 கோடியாக இருந்த தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது.

1925ஆம் ஆண்டு காங்கிரசை விட்டு விலகிய அவர் சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். தாம் நடத்திய குடி அரசு இதழில் கருத்தடையை ஆதரித்து எழுதினார். தன்னடக்கமே போதும் என்று காந்தியடிகள் கருதிய காலம் அது. கருத்தடையை ஏற்ற படித்தவர்களோ வறுமை, உணவுப் பற்றாக்குறை, தாயின் உடல்நலம் ஆகியவற்றையே காரணமாகக் காட்டினர். பெரியார் தம் காரணம் வேறு என்றார். ஓயாமல் பிள்ளை பெறும் பெண்ணால் படிக்கவோ, சம்பாதிக்கவோ, சொந்தக் காலில் நிற்கவோ முடியாது. அவளுடைய விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று வாதிட்டார். இதை அவர் எழுதிய விதம் மிகக் கடுமையானது. இன்று படிப்பவர்கூடத் திடுக்கிடக்கூடும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கும் வந்து, இங்குள்ள தமிழரிடையே சீர்திருத்தக் கருத்துகளைப் பேசினார். 1938ஆம் ஆண்டு சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் அவருக்குப் பெரியார் என்னும் பட்டத்தை வழங்கியது.

அரசுகள் பிறகுதான் விழித்துக்கொண்டன. இந்தியா 1952ஆம் ஆண்டு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியா 1966ஆம் ஆண்டு அதற்கென ஒரு தேசிய வாரியத்தை அமைத்தது.

பெரியார் 1973 டிசம்பர் 24ஆம் நாள், தம் 94ஆம் வயதில் வேலூரில் காலமானார். அப்போது உலக மக்கள்தொகை 400 கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாக இரண்டுக்கும் குறைவான பிள்ளைகளையே பெறுகிறார். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு அதை 1.8 என்கிறது. ஒருவருடைய பேச்சால் மட்டும் இது நடந்துவிடவில்லை. பெண்கள் பள்ளிக்குச் சென்றதும், திருமண வயது உயர்ந்ததும், சிற்றூர்வரை சுகாதார நிலையங்கள் வந்ததும் சேர்ந்தே இதைச் செய்தன. செங்கல்பட்டில் கேட்ட சமச் சொத்துரிமை மட்டும் அங்கே 1989ஆம் ஆண்டில்தான் சட்டமானது.