சிங்கர் பிறந்த ஊரும் மெசின் பிறந்த நாடும்

பழைய தையல் மெசின் ஒன்று விலைக்கு வருகிறது என்றால் எம்மவர் முதலில் கேட்பது, எந்த நாட்டில் செய்தது என்பதைத்தான். ஸ்கொட்லாந்து என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். வேறு நாட்டின் பெயர் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்போம். ஊரில் அம்மாமார் மிதித்த சிங்கர் மெசினை மனதில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. அதற்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஐசக் மெரிட் சிங்கர் 1811 ஒக்டோபர் 27 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், பிட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேர்மனியில் இருந்து வந்து குடியேறியவர். சிங்கர் சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் தமையனிடம் போய்ச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இயந்திரப் பட்டறையில் தொழில் பழகினார். ஆனால் மனம் முழுவதும் நாடகத்தில் இருந்தது. ஊர் ஊராக நடித்துத் திரிந்தார். 1839 இல் பாறை துளைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, அதை 2,000 டொலருக்கு விற்றார். அந்தக் காசும் நாடகக் குழுவோடு கரைந்துபோனது.

1850 இல், நாற்பது வயதை நெருங்கும்போது, வேறொரு கருவியை விற்க முடியாமல் பொஸ்ரன் நகரில் ஓர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் ஒதுங்கியிருந்தார். அங்கே வேறு ஆட்கள் வடிவமைத்த தையல் மெசின்கள் செய்யப்பட்டு, அடிக்கடி பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்த மெசினில் நூலைக் கொண்டுசெல்லும் ஓடம் வட்டமாகச் சுற்றியது. ஓடம் நேர்கோட்டில் போய் வர வேண்டும், ஊசி மேலிருந்து கீழே இறங்க வேண்டும், துணி கிடையான மேசையில் கிடக்க வேண்டும் என்று சிங்கர் கண்டார். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் சேர்த்தார். 1851 ஓகஸ்ட் 12 இல் காப்புரிமை கிடைத்தது.

தையல் மெசினைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. எலையாஸ் ஹோவ் என்பவர் 1846 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அவர் தொடுத்த வழக்கில் சிங்கர் தரப்புத் தோற்று, 1854 இல் 15,000 டொலர் கொடுத்துத் தீர்த்தது. 1856 இல் முக்கியமான கம்பனிகளும் ஹோவும் தங்கள் காப்புரிமைகளை ஒரே கூடைக்குள் போட்டுச் சமாதானமானார்கள்.

அந்தக் காலத்துச் சிங்கர் மெசின் எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் எமக்கு முக்கியம். வார்த்து எடுத்த பாகங்களைத் தொழிலாளி ஒருவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒன்றோடொன்று பொருந்தும்வரை சரிசெய்வார். பொருந்திய பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க ஒரே இலக்கத்தைப் பொறிப்பார்கள். ஒரு மெசினின் பாகத்தை இன்னொன்றில் போட்டால் ஓடாது. 1853 இல் விற்றது 810 மெசின்கள்தான். அதற்கு இந்த முறை போதுமாக இருந்தது.

விற்பனையைப் பெருக்கியவர் பங்காளியான சட்டத்தரணி எட்வேர்ட் கிளார்க். ஒரு மெசினின் விலை நூறு டொலரைத் தாண்டிய காலம். சாதாரணக் குடும்பத்தால் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. 1856 இல் அவர் வாடகைக் கொள்வனவு முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முற்பணம் கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம். வர்த்தகம் படித்த எமது கண்ணுக்கு இதில் ஒரு விடயம் தெரிகிறது. தவணை முடியும்வரை மெசின் ஓடினால்தான் காசு வரும். இடையில் பழுதானால் வாங்கியவர் கட்டமாட்டார், கடன்பட்டோர் கணக்கு வீங்கும். நல்ல மெசின் செய்யவேண்டிய கட்டாயத்தை, கடன் கொடுத்த கம்பனி தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டது என்பது எமது கணிப்பு.

சிங்கரின் சொந்த வாழ்க்கை ஒழுங்கானதல்ல. பல பெண்களோடு ஒரே காலத்தில் குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். 1860 இல் அது வெளியே வந்து நாறியபோது ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். 1863 இல் பங்குடைமை கலைக்கப்பட்டுக் கம்பனியாகப் பதிவானது. சிங்கரிடம் பங்குகள் இருந்தன, நிர்வாகம் அவரிடம் இல்லை. பரிசில் வாழ்ந்தார். 1870 இல் அங்கே போர் வந்ததும் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்து, பெய்ன்ரன் என்ற கடற்கரை ஊரில் மாளிகை கட்டத் தொடங்கினார். அது முடிவதைப் பார்க்காமலே 1875 ஜூலை 23 இல் இறந்தார்.

நாம் போற்றும் ஸ்கொட்லாந்து மெசினுக்கு இப்போது வருவோம். 1867 இல் கம்பனி கிளாஸ்கோவில் ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவில் இருந்து வந்த பாகங்களை அங்கே பூட்டினார்கள். சம்பளம் குறைவு, கப்பல் வசதி உண்டு என்பவைதான் காரணங்கள். கிளைட்பாங்கில் கில்போவி என்ற பெரிய தொழிற்சாலை 1885 இல், சிங்கர் இறந்து பத்து ஆண்டுகளின் பின்னரே முழுமையாக இயங்கியது. அமெரிக்காவில் எலிசபெத்போர்ட், இந்தப் பக்கம் கில்போவி. கடலுக்கு இரு கரையிலும் இலட்சக்கணக்கில் செய்யும்போது அரத்தை நம்பியிருக்க முடியாது. 1880 களில் கம்பனி படிப்படியாக மாறியது. ஒவ்வொரு பாகமும் அளவுமானியில் சரிபார்க்கப்பட்டது. தரம் ஒரு தொழிலாளியின் கையில் இருந்து அளவுக்கு மாறியது. 1913 இல் கில்போவியில் மட்டும் 13 இலட்சத்துக்கும் அதிகமான மெசின்கள் செய்யப்பட்டன. ரஷ்யாவில் பொடொல்ஸ்க், ஜேர்மனியில் விற்றன்பேர்க என்று தொழிற்சாலைகள் பெருகின.

பழைய மெசினின் இலக்கத்துக்கு முன்னால் வை அல்லது எஃப் என்ற ஒற்றை எழுத்து இருந்தால் அது கிளைட்பாங்க், ஜி இருந்தால் எலிசபெத்போர்ட். இரண்டும் நூறு வருடம் தாண்டியும் தைக்கின்றன. அதே பெயரில் 1960 களுக்குப் பின் வந்த பல மாதிரிகளில் உலோகப் பற்சில்லுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பற்சில்லு வைத்தார்கள். அவை காலம் போக வெடித்துவிடுகின்றன. பெயர் மாறவில்லை, செலவுக் கணக்கு மாறியது. கில்போவி 1980 இல் மூடப்பட்டது. பக்கத்து ரயில் நிலையம் மட்டும் இன்றும் சிங்கர் என்ற பெயரோடு நிற்கிறது.

1877 இல் இலங்கைக்கு வந்த சிங்கரின் மெசின்களை எமது தாய்மார் நம்பி வாங்கினார்கள். அதை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் உண்டு. ஆகவே இனி மெசின் வாங்கப் போகும்போது, நாட்டின் பெயரைப் பார்த்த கையோடு மற்றக் கேள்விகளையும் கேட்போம். சில்லைக் கையால் சுற்றினால் இறுக்கமில்லாமல் ஓடுகிறதா? பற்சில்லு உலோகமா? உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுதானால் திருத்தித் தர யார் பொறுப்பு? பிறந்த நாட்டைக் கேட்டே தம்மை எடைபோடுகிறவர்கள் மத்தியில் வாழும் எமக்கு, அந்த ஒரு கேள்வி எவ்வளவு குறையானது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவின் மெசின் நிலவறையில் கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். முதலில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.