மறதிக்குப் பெயர் கொடுத்தவர்

அல்சைமர் என்றதும் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைக்கிற நண்பர்கள் நம்ம ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். இல்லீங்க, அது ஒரு டாக்டரின் பெயர்.

1864 ஜூன் 14 அன்று ஜெர்மனியின் பவேரியாவில், மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் அலாய்ஸ் அல்சைமர். 1887-ல் டாக்டர் பட்டம். ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? காதில் குரும்பி சுரக்கும் சுரப்பிகள்! அடுத்த வருடமே பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் வேலை. பகலில் வார்டு, ராத்திரியில் மைக்ராஸ்கோப். மூளைத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரரான பிரான்ஸ் நிஸ்ல் அங்கே அவருக்குக் கூட்டாளியாக வாய்த்தார்.

1901-ல் மனைவி செசிலி இறந்துபோனார். மூன்று குழந்தைகள். அதே வருடம் நவம்பரில் அகஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார். பேனாவைக் காட்டினால் பேனா என்றார். கொஞ்ச நேரத்தில் எதைக் காட்டினார்கள் என்பதே போச்சு. பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்பதோடு பேனா நின்றுவிட்டது. அல்சைமர் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

1903-ல் மியூனிக் போனார். ஆரம்பத்தில் சம்பளம்கூடக் கிடையாது. மாணவர் ஒவ்வொருவரின் மேஜைக்கும் போய், சுருட்டைக் கீழே வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிவாராம். சாயங்காலம் பார்த்தால் மேஜைக்கு மேஜை ஒரு துண்டுச் சுருட்டு மிச்சம்! இப்படி ஒரு லெக்சரர் நமக்கும் கிடைத்தால் லேபில் யார் தூங்குவார்கள்?

1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். மூளை மியூனிக்குக்கு வந்தது. சுருங்கிப் போயிருந்த அந்த மூளையை மெல்லிய துண்டுகளாக்கி, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார் அல்சைமர். நரம்புச் செல்களுக்குள் முடிச்சுகள், வெளியே படிவுகள். நவம்பர் 3-ல் டூபிங்கன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. 1910-ல் பேராசிரியர் கிரேப்பலின்தான் தன் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரை வைத்தார்.

1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1915 டிசம்பர் 19-ல் இறந்தபோது அவருக்கும் வயது 51-தான்.

படிவு அமிலாய்ட் என்ற புரதம் என்பது 1984-லும், முடிச்சு டாவ் என்ற புரதம் என்பது அதையடுத்தும் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், தெளிவாகப் பேசி, கணக்குப் பார்த்து நடமாடும் முதியவர்கள் பலர் மூளையிலும் அமிலாய்ட் இருப்பதை பெட் ஸ்கேன் காட்டுகிறது. நோய் வெளியே தெரிய 15, 20 வருடம் முன்பே அது சேர ஆரம்பிக்கிறது; சிலருக்குக் கடைசிவரை நோயே வருவதில்லை. மூளை சுருங்குவதோ டாவ் இருக்கும் இடத்தை ஒட்டியே அதிகம் நடக்கிறது, முக்கியமாக நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பக்கத்தில்.

காணாமல் போயிருந்த அகஸ்டேயின் ஃபைல் 1995-ல் பிராங்க்பர்ட்டில் கிடைத்தது. அல்சைமர் எழுதிய குறிப்புகளோடு, அந்த அம்மா எழுத முயன்ற பெயரும் அதில் அப்படியே இருந்தது.