முப்பது ஆண்டுகள் காத்திருந்த புனிதர்



பாவ வாழ்வை விட்டு மனம் திரும்பிப் புனிதரானவர்கள் பலரை நாம் அறிவோம். தம்மைப் பிடித்திருந்த போதைப் பழக்கத்தை இறுதிவரை விட முடியாமலே புனிதராக உயர்த்தப்பட்ட ஒருவரை அறிவோமா? அவர்தான் சீன நாட்டு மறைசாட்சியான புனித மாற்கு ஜி தியான்சியாங்.

இவர் 1834ஆம் ஆண்டு, இன்றைய ஹெபெய் மாநிலத்தின் ஜிசோ பகுதியில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மருத்துவம் கற்று, ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை அளித்தார். ஊர் மக்களின் மதிப்பைப் பெற்ற குடும்பத் தலைவராகவும் வாழ்ந்தார்.

அந்நாளில் சீனாவில் அபின் பெருகிக் கிடந்தது. நம் இந்திய மண்ணில் விளைந்த அபினைத்தான் ஆங்கிலேய வணிகர்கள் அங்கே கொண்டுபோய் விற்றனர். அதைத் தடுக்க முயன்ற சீனா மீது 1839ஆம் ஆண்டிலும் 1856ஆம் ஆண்டிலும் போர்கள் மூண்டன. அதே அபின் மருந்தாகவும் பயன்பட்டது. கடுமையான வயிற்று நோயால் வருந்திய மாற்கு, மருத்துவர் என்ற முறையில் தமக்குத் தாமே அபினை மருந்தாகக் கொடுத்துக்கொண்டார். நோய்க்கு மருந்தாக வந்தது, நாளடைவில் அவரையே அடிமையாக்கியது.

ஏன் அவரால் அதை விட முடியவில்லை? அபினில் உள்ள மார்பின் வலியை அடக்கும், வயிற்றோட்டத்தையும் நிறுத்தும். தொடர்ந்து எடுக்கும்போது மூளையும் உடலும் அதற்குப் பழகிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் ஒன்றாகத் தாக்கும். வயிற்று நோய்க்காக அபின் எடுத்த மனிதருக்கு, அதை நிறுத்திய நாளில் அந்த வேதனையே பன்மடங்காகத் திரும்பி வந்திருக்கும். அந்த வேதனை சில நாள்களில் தணிந்தாலும், மூளையில் பதிந்துவிட்ட ஏக்கம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். எனவே இதை வெறும் மன உறுதிக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இது ஒரு நோய். மூளையில் அபின் செயல்படும் இடங்களை அறிவியலார் கண்டறிந்ததே 1973ஆம் ஆண்டில்தான். மாற்குவின் காலத்தில் இந்த அறிவு எவருக்கும் இல்லை.

மாற்கு தம் நிலையை எண்ணி வெட்கினார். மீண்டும் மீண்டும் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடிச் சென்று அதே பாவத்தை அறிக்கையிட்டார். திருந்தும் உறுதி உண்மையாக இருந்தால் இப்படித் திரும்பத் திரும்ப விழுவாரா என்று குருவானவர் ஐயுற்றார். பழக்கத்தை விடும்வரை பாவமன்னிப்பு இல்லை என்று கூறிவிட்டார். அதனால் நற்கருணையும் இல்லை. இந்நிலை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது.

சற்று நினைத்துப் பார்ப்போம். திருப்பலியில் எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து செல்லும்போது, ஊரறிந்த மருத்துவர் ஒருவர் மட்டும் தம் இடத்திலேயே முழந்தாளிட்டிருக்கிறார். ஒரு வாரம் அல்ல, முப்பது ஆண்டுகள்! கோபித்துக்கொண்டு கோவிலை விட்டுப் போயிருக்கலாம். மாற்கு போகவில்லை. தொடர்ந்து வந்தார், தொடர்ந்து செபித்தார். இந்த அடிமைத்தனத்திலிருந்து தப்ப வேறு வழி தெரியாததால், மறைசாட்சியாக இறக்கும் வரத்தைக் கேட்டார்.

1900ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. வெளிநாட்டினரும் கிறிஸ்தவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். மாற்குவும் அவருடைய மகன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் உள்ளிட்ட குடும்பத்தாரும் கைது செய்யப்பட்டனர். விசுவாசத்தை மறுதலித்தால் உயிர் பிழைக்கலாம். அபின் முன் பலமுறை தோற்ற அந்த மனிதர் இங்கே தோற்கவில்லை. தம் குடும்பத்தார் எவரும் துணையின்றித் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காக, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கொலையாளிகளிடம் வேண்டினார். ஒவ்வொருவர் அருகிலும் நின்று, அன்னை மரியாவின் மன்றாட்டு மாலையைப் பாடியபடி, ஜூலை 7ஆம் நாள் உயிர் துறந்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைச் சீன மறைசாட்சிகள் 120 பேரில் ஒருவராகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அப்படியானால் போதைப் பழக்கம் தவறில்லையா? தவறுதான். மருத்துவத் தேவையின்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது கடுமையான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2291ஆம் எண்ணில் கற்பிக்கிறது. பழக்கமும் உளவியல் காரணங்களும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கலாம், இல்லாமலும் ஆக்கலாம் என்று அதே மறைக்கல்வி 1735ஆம் எண்ணில் கூறுகிறது. இவ்விரண்டையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? பிள்ளை போதைக்கு அடிமையானால் மானம் போய்விடும் என்று மறைக்கிறோம். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறோம். வேளாங்கண்ணிக்கு அழைத்துச் சென்று சத்தியம் வாங்குகிறோம். இரண்டு வாரத்தில் அது உடைந்தால் வீட்டைவிட்டுத் துரத்துகிறோம். செபம் தேவை. அதனுடன் மருத்துவமும் தேவை. மாற்குவுக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று நமக்கு இருக்கிறது. அபின் வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் தருகிறார்கள். இவை ஏக்கத்தைத் தணித்து, மனிதரை மீண்டும் வேலைக்கும் குடும்பத்துக்கும் கொண்டுவருகின்றன. ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் நெடுநாள் தொடர வேண்டும். இடையில் மீண்டும் விழுவதும் உண்டு. சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே விழுந்தவரைத் திட்டித் தீர்க்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14446 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

நம் கோவிலின் கடைசி வரிசையில், நற்கருணை வாங்க வராமல் அமர்ந்திருப்பவரைக் கண்டால் காரணம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அருகில் போய் அமர்வோம். எவரையும் தனியாகச் சாகவிடாத புனித மாற்குவே, போதையின் பிடியில் வாடும் எங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடும்.