மலையேறிய மாதும் பெயர் மறைந்த பயணிகளும்

ஹப்புத்தளையில் இருந்து பண்டாரவளை ஊடாகப் பதுளைக்குச் செல்லும் வீதியில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் துவிச்சக்கரவண்டிகளில் கூட்டமாகச் செல்வது இன்று புதினமான காட்சியல்ல. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் தம் வேலையில் மூழ்கி விடுகின்றனர். ஆனால் பெண்ணொருத்தி துவிச்சக்கரவண்டியில் ஏறுவதே மேலைநாடுகளிலும் கண்டனத்துக்குள்ளான ஒரு காலம் இருந்தது. அக்காலத்தில் தன் கணவருடன் இலங்கையிலும் இந்தியாவிலும் பல்லாயிரம் மைல் பயணித்த ஃபெனி புல்லக் வேர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1859 ஜனவரி 8 ஆம் திகதி மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை அம்மாநிலத்தின் ஆளுநராகப் பதவி வகித்தவர். 1882 இல் தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவர் வில்லியம் ஹன்டர் வேர்க்மனை மணந்தார். 1889 இல் குடும்பம் ஜேர்மனியில் குடியேறியது. 1893 இல் சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்த பின்னர், பயணமே அத்தம்பதியரின் வாழ்க்கையாயிற்று. மகள் விடுதிப் பாடசாலைகளில் வளர, பெற்றோர் அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் துவிச்சக்கரவண்டியில் சுற்றினர்.

1897 இன் பிற்பகுதியில் அவர்களது மிகப்பெரும் பயணம் ஆரம்பமாயிற்று. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா எனச் சுமார் இரண்டரை ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் 14,000 மைல்கள் கடக்கப்பட்டன. தேயிலை, சீனி, பிஸ்கட், தகரத்தில் அடைத்த இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, மருந்துகள், பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவற்றை வண்டிகளிலேயே கட்டிச் சென்றனர். ஒரே நாளில் நாற்பது தடவை வரை டயரில் காற்றுப் போனதுண்டு. எலிகள் ஓடும் அறைகளிலும் உறங்கினர். நீண்ட பாவாடை அணிந்தே ஃபெனி வண்டி ஓட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பயணத்துக்கு ஆயத்தமாக இராமாயணம், மகாபாரதம், ஜாதகக் கதைகள் ஆகியவற்றை அத்தம்பதியர் படித்திருந்தனர். ஆனால் 1904 இல் வெளியான அவர்களது பயண நூலில் பழைய கோயில்களும் சிற்பங்களும் பெற்ற இடத்தை, அவற்றின் நிழலில் வாழ்ந்த மக்கள் பெறவில்லை. எமது சிந்தனைக்குரிய விடயம் இதுவேயாகும்.

1898 கோடையில் காஷ்மீரை அடைந்ததும் இமயம் அவரை ஈர்த்துக் கொண்டது. அதன் பின்னர் 1912 வரை எட்டுத் தடவைகள் இமயம், காரகோரம் மலைத்தொடர்களுக்கு அவர் சென்றார். 1906 இல் நுன் குன் பகுதியில் 6,930 மீற்றர் உயரமான சிகரமொன்றில் ஏறி நிலைநாட்டிய பெண்களுக்கான சாதனை, 1934 வரை முறியடிக்கப்படவில்லை. 1912 இல் சியாச்சின் பனியாற்றை ஆராய்ந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகை ஒன்றைக் கையில் ஏந்தி, சுமார் 21,000 அடி உயரத்தில் நிழற்படம் எடுத்துக் கொண்டார். 1925 ஜனவரி 22 ஆம் திகதி பிரான்சின் கான் நகரில் காலமான அவர், நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 125,000 டொலரை உயில் மூலம் விட்டுச் சென்றார்.

போற்றத்தக்க துணிவு இது என்பதில் ஐயமில்லை. எனினும் அவரது ஏணிப்படிகளாக இருந்தவர்கள் யார்? கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து பனியில் நடந்த பல்திஸ்தான் முஸ்லிம் கூலிகளே. கூலிக்கும் குளிருக்கும் இடையே அவர்கள் பட்ட அல்லலை அத்தம்பதியர் புரிந்துகொள்ளவில்லை. சுமைகாரர்கள் இடைவழியில் விலகிச் சென்றபோது அதைச் சோம்பல் என்றும் வஞ்சகம் என்றும் கருதினர். பெண்ணுரிமைக்காகக் குரல் கொடுத்தவரின் கண்ணுக்கு, அருகில் நின்ற ஏழையின் உரிமை தென்படவில்லை.

ஃபெனி இலங்கையில் வண்டி ஓட்டிய காலத்து ஊவாவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது புகையிரதப் பாதை பண்டாரவளையுடன் நின்றிருந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924 இலேயே. ஹப்புத்தளையின் தம்பேதன்ன தோட்டத்தை 1890 இல் வாங்கிய தோமஸ் லிப்டன் உலகப் புகழ் பெற்றுக் கொண்டிருந்தார். அதே காலத்தில் தமிழகத்துக் குடியானவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, கைக்குழந்தைகளுடன் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். அங்கிருந்து மேலும் மலையேறியே ஊவாத் தோட்டங்களை அடைய வேண்டியிருந்தது. கொலராவுக்கும் பசிக்கும் பலியானோர் வழியிலேயே புதைக்கப்பட்டனர். அந்தத் தூரமும் நெடுந்தூரமே. அதுவும் துணையுடன் சென்ற அந்நிய நாட்டுப் பயணமே. ஆனால் அதற்குப் பயண நூல் இல்லை.

1344 இல் இபுனு பதூதா பாவா ஆதம் மலைக்குச் சென்றபோதும், ஆரியச்சக்கரவர்த்தி மன்னர் அவருடன் உணவு சுமக்கப் பதினைந்து பேரை அனுப்பினார். எண்ணிக்கை ஏட்டில் உண்டு, பெயர்கள் இல்லை. பயணியின் பெயர் வாழ்வதும் சுமந்தவனின் பெயர் மறைவதும் நெடுங்காலமாகத் தொடரும் அநீதி எனலாம்.

2023 இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழிக்குச் செலுத்தப்பட்ட அந்த அஞ்சலியுடன் எமது கடமை முடிந்துவிடாது. பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடை லயங்களில் வாழும் முதியோரிடம் தம் பாட்டன் பாட்டி எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக, யாருடன் வந்தனர் என்ற நினைவுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. புடவை மூட்டையுடன் தோட்டந்தோட்டமாக ஏறியிறங்கிய முஸ்லிம் வியாபாரிகளின் குடும்பங்களிலும் அத்தகைய கதைகள் உண்டு. பாடசாலைகளும் வாலிபர் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் முயன்றால் அவற்றை எழுத்தில் சேர்ப்பது கடினமன்று. ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

ஃபெனி ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வைத்தார். அதனாலேயே நூறாண்டு கடந்தும் அவரை நாம் அறிகின்றோம். அவரிடமிருந்து கற்க வேண்டியது துணிவை மட்டுமல்ல, பதிந்து வைக்கும் அந்தப் பழக்கத்தையும்தான். முதியோர் ஒவ்வொருவராக மறைவதற்குள் அதனை நாம் கைக்கொள்ள வேண்டும்.