நோயை மறைத்து நூல் எழுதிய ரேச்சல் கார்சன்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. வில்லியனூர் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. பயிரில் பூச்சி விழுந்தால் விவசாயி மருந்து தெளிக்கிறார். பூச்சி சாகிறது. சரி, அந்த மருந்து பிறகு எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை உலகத்தையே கேட்க வைத்தவர் ஒரு பெண்மணி. பெயர், ரேச்சல் கார்சன். அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவர். பூச்சி மருந்துகள் உணவில் கலந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அவர் எழுதினார். அதை எழுதிக்கொண்டிருந்தபோதே அவருடைய உடலில் புற்றுநோய் பரவிக்கொண்டிருந்தது. நெருங்கிய சிலரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஆற்றங்கரைச் சிறுமி

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூர் இருக்கிறது. அலெகெனி ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே 1907-ம் ஆண்டு மே 27-ந் தேதி ரேச்சல் பிறந்தார். 3 குழந்தைகளில் அவர்தான் கடைசி. வீட்டில் வசதி இல்லை. ஆனால் தாயார் மரியா படித்தவர். மகளைக் கையைப் பிடித்துத் தோப்புக்கும் வயலுக்கும் அழைத்துப் போவார். பறவைகளையும் பூக்களையும் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பார்.

1918-ல் ரேச்சல் எழுதிய கதை ஒன்று சிறுவர் பத்திரிகையில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 11. பெரிய எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்லூரியில் முதலில் இலக்கியம் படித்தார். நடுவில் உயிரியலுக்கு மாறினார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

குடும்ப பாரம்

1935-ல் தந்தை இறந்தார். 1937-ல் அக்காள் இறந்தார். அக்காளின் 2 பெண் குழந்தைகளையும் தாயாரையும் காப்பாற்றும் பொறுப்பு ரேச்சலின் தலையில் விழுந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1936-ல் சர்க்கார் மீன்வளத் துறையில் உத்தியோகம் கிடைத்தது. பகலில் ஆபீஸ் வேலை, இரவில் எழுத்து வேலை. கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1951-ல் வெளிவந்தது. அதிகமாக விற்கும் நூல்களின் பட்டியலில் அது 86 வாரங்கள் இருந்தது. பணக் கஷ்டம் தீர்ந்தது. மறு ஆண்டே வேலையை விட்டார்.

ஆனால் துன்பம் விடவில்லை. 1957-ல் அக்காள் மகள் ஒருத்தி இறந்தாள். அவளுடைய 5 வயது மகன் ரோஜரை ரேச்சல் தத்து எடுத்து வளர்த்தார்.

மாய மருந்து

அது டி.டி.டி.யின் காலம். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான மக்களைக் காய்ச்சலில் இருந்து காப்பாற்றிய மருந்து அது. பூச்சிகளைக் கொல்லும் அதன் சக்தியைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவிலும் 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டு இயக்கம் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா வெகுவாகக் குறைந்தது.

நோயைத் தடுத்த மருந்தை அமெரிக்கர்கள் வயலிலும் காட்டிலும் விமானத்தில் இருந்து மழைபோலக் கொட்டத் தொடங்கினார்கள். அங்கேதான் வினை வந்தது.

டி.டி.டி. எளிதில் அழியாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். புல்லில் விழுந்த மருந்தை மாடு தின்கிறது. அது மாட்டின் கொழுப்பில் தங்குகிறது. பாலில் வருகிறது. பாலைக் குடிக்கும் மனிதரின் உடம்பில் சேர்கிறது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஒவ்வொரு நாளும் சேர்வது துளி அளவுதான். ஆனால் அந்தத் துளி சீக்கிரம் வெளியேறுவதில்லை.

1958 ஜனவரியில் ஒரு தோழியிடம் இருந்து ரேச்சலுக்குக் கடிதம் வந்தது. விமானத்தில் மருந்து தெளித்த பிறகு தம் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததை அந்தத் தோழி எழுதியிருந்தார். ரேச்சல் ஆராயத் தொடங்கினார். விஞ்ஞானிகளுக்கும் டாக்டர்களுக்கும் கடிதம் எழுதி விவரம் கேட்டார்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பெரிய பரபரப்பு ஏற்பட்டது. அவர்கள் விருந்தில் தவறாமல் இடம்பெறும் கிரான்பெரி என்ற பழத்தில் களைக்கொல்லி மருந்து கலந்திருந்தது. அந்த மருந்து எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோயை உண்டாக்கியது தெரியவந்தது. பண்டிகை நேரத்தில் பழத்தின் விற்பனை படுத்துவிட்டது. தாய்மார்கள் முதன்முறையாகத் தட்டில் உள்ள உணவைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

டாக்டர் மறைத்த உண்மை

1960-ம் ஆண்டு ஏப்ரலில் ரேச்சலின் மார்பில் ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு மார்பையும் அகற்றினார்கள். இது புற்றுநோயா என்று அவர் டாக்டரிடம் நேராகவே கேட்டார். டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். நோயாளி பயந்துவிடுவார் என்று உண்மையை மறைப்பது அந்தக் காலத்தில் பல டாக்டர்களின் வழக்கம். மேல் சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை.

அந்த ஆண்டின் முடிவில் இன்னொரு கட்டி தோன்றியது. ரேச்சலுக்குச் சந்தேகம் வந்தது. கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் ஜார்ஜ் கிரைலிடம் போனார். அவர் ஒளிக்காமல் சொன்னார். அது புற்றுநோய்தான்; பரவியும் இருக்கிறது. விலைமதிப்பற்ற பல மாதங்கள் வீணாகிவிட்டன.

ரேடியேஷன் சிகிச்சை தொடங்கியது. உடல் தளர்ந்தது. கண்ணும் பழுதாகி, சில வாரங்கள் படிக்க முடியாமல் போயிற்று. எழுதியதைப் பிறர் படித்துக் காட்ட, அவர் காதால் கேட்டுத் திருத்தினார்.

நோயை வெளியே சொன்னால் என்ன ஆகும்? சொந்த நோயின் கோபத்தில்தான் மருந்துகளைத் திட்டுகிறாள் என்று எதிரிகள் சொல்வார்கள். ஆகவே வாய் திறக்கவில்லை. நூலில் புற்றுநோய்க்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். அதில் தம்மைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எதிர்ப்புப் புயல்

1962 செப்டம்பர் 27-ந் தேதி நூல் வெளிவந்தது. அதன் பெயர் மௌன வசந்தம். பறவைகளின் குரல் அடங்கிப்போன வசந்த காலம் என்று பொருள்.

ரசாயனத் தொழிலதிபர்கள் சீறினார்கள். பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்றுகூடக் கேலி பேசினார்கள். எல்லா மருந்தையும் ஒழிக்கச் சொல்கிறார் என்று பழி சுமத்தினார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தெளிக்க வேண்டாம், தேவை அறிந்து அளவோடு பயன்படுத்துங்கள் என்பதுதான் அவர் கட்சி.

ஜனாதிபதி கென்னடி விஞ்ஞானிகள் குழுவை விசாரிக்கச் சொன்னார். 1963 மே மாதம் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. ரேச்சல் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று அது காட்டியது. ஜூன் 4-ந் தேதி அவர் செனட் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். சிகிச்சையால் முடி உதிர்ந்த தலையில் டோப்பா அணிந்திருந்தார். நடப்பதே சிரமம். குரலில் மட்டும் தளர்ச்சி இல்லை.

1964 ஏப்ரல் 14-ந் தேதி ரேச்சல் காலமானார். வயது 56. 1972-ல் அமெரிக்கா பயிர்களுக்கு டி.டி.டி. அடிப்பதைத் தடை செய்தது. இந்தியாவில் விவசாயத்துக்கு அந்தத் தடை 1989-ல் வந்தது. எண்டோசல்பான் மருந்தை 2011-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது.

அவர் பயந்தது சரியா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 2015-ல் டி.டி.டி.யை அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வயது வந்த பெண்களிடம் நடந்த பல ஆராய்ச்சிகளில் மார்பகப் புற்றுநோய்க்கும் டி.டி.டி.க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஆனால் 2015-ல் வெளியான கலிபோர்னியா ஆராய்ச்சி வேறு கதை சொன்னது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் ஒரு வகை டி.டி.டி. அதிகம் இருந்த தாய்மாரின் மகள்களுக்கு, மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாக வந்திருந்தது. கருவில் பட்டது பல ஆண்டு கழித்துத் தலைகாட்டியது.

உணவில் வரும் ரசாயனம் வயலோடு நிற்பதில்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, விற்பனை தடை செய்யப்பட்டது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் கண்டால் குழந்தைக்கு வாங்கித் தர வேண்டாம்.

இதற்காகக் காய்கறியை ஒதுக்குவது தவறு. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே உள்ள மருந்து பெரிதும் போய்விடும். மருந்து தெளித்தால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்குக் கழிந்த பிறகே காய் பறிக்க வேண்டும். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்கக் கூடாது.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. என்ன நோய் என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். ரேச்சல் கேட்டார், பதில் கிடைக்கவில்லை. இன்று பதில் பெறும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.