தேக்கு வளர்த்த வுட் துரை

கொங்கு நாட்டின் தென்மேற்கே அரண் போல நிற்பது ஆனைமலை. அம்மலைகளில் பொழியும் மழைதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வழியாகவும் காண்டூர்க் கால்வாய் வழியாகவும் திருமூர்த்தி அணையை அடைந்து, உடுமலை, பல்லடம், காங்கயம் பகுதி நிலங்களை நனைக்கிறது. பனியன் தொழிலால் பெயர் பெற்ற திருப்பூர் மாவட்டத்தில் வாழும் நாம், நம் தென்னையும் மக்காச்சோளமும் எந்த மலையின் நீரைக் குடிக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது குறைவு. அம்மலைமேல் டாப்சிலிப் என்னும் இடத்தில், தேக்கு மரங்களின் நடுவே, ஓர் ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அவர்தாம் வனத்துறை அதிகாரி ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட்.

டாப்சிலிப் என்ற பெயரே ஒரு சோகக் கதைதான். 1848 முதல் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் இங்கே தேக்கு வெட்டும் வேலை முறையாகத் தொடங்கியது. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு மரம் வேண்டியிருந்தது. பின்னர் இரயில் பாதைகளுக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. வெட்டிய மரங்களை யானைகள் இழுத்துவந்து மலைச்சரிவின் உச்சியில் சேர்க்க, அங்கிருந்து அவை கீழே சறுக்கி விடப்பட்டன. அந்த உச்சிதான் டாப்சிலிப். ஐம்பது அறுபது ஆண்டுகள் கோடரி ஓயவில்லை. வெட்டியவர்கள் பலர், மீண்டும் வளர்க்க எண்ணியவர்கள் மிகச் சிலர்.

தோழியரே, இங்கே சற்று நின்று, ஒரு காடு தன்னை எப்படிப் புதுப்பித்துக் கொள்கிறது என்று பார்ப்போம். அடர்ந்த சோலையில் உயர்ந்த மரங்களின் இலைகள் ஒன்றோடொன்று கூடி ஒரு கூரையாகின்றன. அக்கூரையைக் கடந்து தரைக்கு வரும் வெயில் நூற்றில் ஓரிரு பங்குதான். கீழே கன்றுகள் ஆண்டுக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே காத்து நிற்கும். ஒரு நாள் புயலிலோ முதுமையிலோ பெருமரம் ஒன்று சாய்கிறது. கூரையில் ஒரு திறப்பு! வெயில் உள்ளே இறங்குகிறது, மண் சூடேறுகிறது, உறங்கிய விதைகள் விழிக்கின்றன, காத்திருந்த கன்றுகள் விறுவிறுவென மேலே ஏறுகின்றன. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை பெரிதாகிக் கொண்டே போகும் என்பதை நம் வீட்டுப் பெரியோர் நன்கு அறிவர். காட்டுக் கூரையின் ஓட்டையோ தானே அடைபடும்.

ஆனால் எல்லா ஓட்டையும் அடைபடாது. சிறு திறப்பில் நிழலுக்குப் பழகிய கன்றுகள் மேலேறும். திறப்பு பெரிதானால் வெயிலை விரும்பும் மரங்கள் முந்திக்கொள்ளும். அதைவிடப் பெரிதாகி, மலைச்சரிவே மொட்டையாகிவிட்டால், தாய்மரமும் இல்லை, விதையும் இல்லை. மண் மழையோடு போகும். புல்லும் உண்ணிச்செடியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

1870இல் பிறந்த வுட், 1915ஆம் ஆண்டளவில் தென் கோவைக் காடுகளின் பொறுப்பை ஏற்று இங்கே வந்தபோது கண்டது இத்தகைய காட்டைத்தான். மரம் வெட்டுவதை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அரசாங்கத்துக்கு மரம் வேண்டும். எனவே வெட்டும் முறையை மாற்றினார். மரத்தை வேரோடு பறிக்காமல் தரையொட்டி வெட்ட வேண்டும் என்றார். கரும்பை வெட்டிய பின் கட்டையிலிருந்து மறுதாம்பு தழைப்பதுபோல, தேக்கின் அடிக்கட்டையும் தழைக்கும். ஏற்கெனவே ஆழ ஊன்றிய வேர் இருப்பதால் அந்தத் தளிர் விதைக்கன்றைவிட வேகமாக வளரும். வெட்டிய பகுதியைப் பல ஆண்டுகள் தொடாமல் விட்டு, வேறு பகுதிக்குப் போக வேண்டும். இதுவே அவர் வகுத்த திட்டம்.

அடிக்கட்டையும் இல்லாத வெற்றிடங்களை என்ன செய்வது? அங்கேதான் அவருடைய கைத்தடி வந்தது. சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு காலையில் நடக்கப் புறப்படுவாராம். திறந்த வெளி கண்ட இடத்தில் தடியின் முனையால் தரையில் குழி செய்து, விதையைப் போட்டு மூடிச் செல்வாராம். அப்பகுதி மக்கள் இன்றும் சொல்லும் செய்தி இது. வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் அறிவு இருக்கிறது. தேக்கு நிழலில் பிழைக்காது. தலைக்கு மேலே வெயில் வேண்டும். ஆகவே அவர் விதைத்தது கண்ட இடத்தில் அன்று. கூரை திறந்திருந்த இடத்தில். தேக்கு விதையின் ஓடு மிகக் கடினம் என்பதும், அது மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டே முளைவிடும் என்பதும் பொறுமையைச் சோதிக்கும் செய்திகள்.

நிலம்பூரில் 1840களிலேயே கானலி துரையும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் வளர்த்துக் காட்டியதுண்டு. வுட்டின் பெருமை, வெட்டிக் குலைந்த ஒரு காட்டையே மீண்டும் எழச் செய்ததில் இருக்கிறது. அதிலும் அவர் தனியாக வென்றார் என்று நாம் எழுதிவிட்டால் அது முறையாகாது. காடர், மலசர் முதலிய மலைவாழ் மக்களின் உழைப்பும், யானைகளின் உழைப்பும் அதில் கலந்திருக்கின்றன. அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேக்கு மட்டுமே நிற்கும் காடு, முழுமையான காடு ஆகாது. டாப்சிலிப்புக்கு அருகிலுள்ள கரியன் சோலையில் நுழைந்தால் வேறுபாடு தெரியும். அங்கே பல வகை மரங்கள், பல உயரங்கள், ஆங்காங்கே விழுந்த மரம் திறந்துவிட்ட வெளிச்சம். கோடையில் இலை உதிர்த்து நிற்கும் தேக்கங்காட்டில் அந்தக் குளிர்ச்சியைக் காணமுடியாது. வுட் காலத்து வனத்துறையின் கண் மரத்தின் விலைமேல் இருந்தது. அக்காலத்து அறிவு அவ்வளவே. ஆயினும் மொட்டைச் சரிவைவிடத் தேக்கங்காடு எவ்வளவோ மேல்.

வுட் மணம் செய்துகொள்ளவில்லை. காட்டிடையே சிறு இல்லத்தில் தனியாக வாழ்ந்தார். காச நோய் அவரைப் பற்றிக்கொண்டது. குன்னூரில் 1933 டிசம்பரில் காலமானார். தாம் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அதற்குப் பணமும் ஒதுக்கியிருந்தார். அவ்வாறே செய்தார்கள்.

கல்லறையில் இலத்தீன் மொழியில் ஒரு வரி இருக்கிறது. இலண்டனில் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென்னின் கல்லறையில் உள்ள அதே வரிதான். நினைவுச் சின்னத்தைத் தேடி வருவோரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது அது. இக்காடுகள் 1976இல் வனவிலங்குச் சரணாலயமும், 2007இல் புலிகள் காப்பகமும் ஆயின. மரம் சறுக்கி விட்ட சரிவில் இப்போது புள்ளிமான்கள் மேய்கின்றன. முதிர்ந்த தேக்கு ஒன்று காற்றில் விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் மேலே வானம் கொஞ்சம் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் எது முதலில் முளைக்குமோ அது முளைக்கிறது.