எலவர்த்தி நாயுடம்மா

எலவர்த்தி நாயுடம்மா (செப்டம்பர் 10, 1922 – ஜூன் 23, 1985) இந்திய வேதிப் பொறியியலாளரும் தோல் தொழில்நுட்ப அறிவியலாளரும் ஆவார். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1958 முதல் 1971 வரை பணியாற்றினார். பின்னர் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராகவும், தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பு வகித்தார். சாதியின் பெயரால் இழிவாகக் கருதப்பட்ட ஒரு தொழிலைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆய்வுத் துறையாகவும் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

நாயுடம்மா ஆந்திராவின் குண்டூர் பகுதியில் தெனாலிக்கு அருகில் உள்ள எலவர்ரு என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பம் பயின்றார். பின்னர் சென்னைக்கு வந்து தோல் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டார். சென்னையில் 1915 ஆம் ஆண்டிலேயே அரசின் தோல் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. எனினும், உழவர் குடியில் பிறந்த பட்டதாரி ஒருவர் தோல் பதனிடுதலைத் தம் துறையாகத் தேர்ந்துகொள்வது அந்நாளில் அரிதாகவே இருந்தது.

மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் சென்றார். அமெரிக்காவின் லீகை பல்கலைக்கழகத்தில் தோல் வேதியியலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

தமிழகத்தில் தோல் தொழில்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல், சென்னையின் குரோம்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் நிறைவு செய்யும் முறையே இங்கு வழக்கில் இருந்தது. இவ்வாறு பதனிடப்பட்ட தோல்கள் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அவை அரைகுறையாக முடிக்கப்பட்ட பொருள்களே ஆகும். அவற்றைக் காலணியாகவும் பையாகவும் மாற்றும் வேலையும், அதனால் கிடைக்கும் ஊதியமும் வெளிநாட்டினருக்கே உரியனவாக இருந்தன.

பதனிடுதலின் அறிவியல்

விலங்குத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் எனப்படும் நார்ப்புரதத்தால் ஆனது. ஈரமான பச்சைத் தோல் எளிதில் அழுகும். ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பநிலையில் சுருங்கிவிடும். பதனிடும் பொருள்கள் கொலாஜன் நார்களுக்கு இடையே இணைப்புகளை உண்டாக்கித் தோலை நிலைப்படுத்துகின்றன. மரப்பட்டைகளில் உள்ள டானின்கள் பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புகளால் நார்களுடன் சேர்கின்றன. குரோமிய உப்புகளோ புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளுடன் வலுவாகப் பிணைகின்றன. இதனால் குரோமியத்தால் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கவல்லது. பட்டைமுறைக்குப் பல வாரங்கள் தேவைப்படும். குரோமிய முறையில் ஓரிரு நாட்களில் பதனிடுதல் முடிந்துவிடும்.

இப்பிணைப்புகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதே நாயுடம்மாவின் ஆய்வுகளின் மையப்பொருளாக இருந்தது. அதே காலத்தில், கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை முன்மொழிந்தனர் (1954–55). இதனால் 1950களில் சென்னை கொலாஜன் ஆய்வில் உலக அளவில் கவனிக்கப்பட்ட நகராயிற்று. 1960 ஆம் ஆண்டில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் பற்றிய ஆய்வரங்கம் ஒன்றைச் சென்னையில் நடத்தியது.

மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்

இந்நிறுவனத்துக்கு 1948 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953 சனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது. பி. எம். தாசு இதன் முதல் இயக்குநர் ஆவார். 1958 இல் நாயுடம்மா இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

ஆய்வுக்கூடத்தின் முடிவுகள் தொழிற்கூடத்தை அடைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நிறுவன வளாகத்திலேயே மாதிரித் தோல் பதனிடும் ஆலை இயங்கியது. புதிய முறைகளை அதில் செய்து பார்த்த பின்னரே தொழில் முனைவோருக்கு வழங்கினர். கான்பூர், ஜலந்தர், கொல்கத்தா முதலிய இடங்களில் நிறுவனத்தின் கிளை மையங்கள் செயல்பட்டன. ஆய்வாளர்களும் தோல் தொழில் முனைவோரும் ஆண்டுதோறும் ஒன்றுகூடிக் குறைகளைப் பேசும் சந்திப்பும் அவர் காலத்தில் தொடங்கியதே ஆகும்.

கல்வியிலும் இந்நிறுவனம் பங்கேற்றது. அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944 இல் தொடங்கப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியுடன் இணைந்து தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை நடத்தியது. மாணவர்கள் பொறியியல் அடிப்படைகளைக் கிண்டியில் உள்ள கல்லூரியிலும், தோல் பாடங்களையும் செய்முறைகளையும் அடையாற்றில் உள்ள நிறுவனத்திலும் கற்றனர். அக்கல்லூரி 1978 இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று.

இந்தியாவில் கிடைக்கும் மாட்டுத்தோல்களில் பெரும்பங்கு இயல்பாக இறந்த மாடுகளிலிருந்து பெறப்படுவதாகும். தோலை உரிக்கும்போது கத்தி படுவதாலும், உரித்த பின் உப்பிட்டுக் காக்காததாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும். இந்த இழப்பு முதலில் பாதித்தது ஊரின் கடைக்கோடியில் வாழ்ந்த உரிப்பவரையே. எனவே உரித்தல், பதப்படுத்தி வைத்தல், எலும்பு, கொழுப்பு முதலியவற்றைப் பயன்படுத்துதல் ஆகியனவும் நிறுவனத்தின் ஆய்வுப் பொருள்களாயின.

தில்லியில்

நாயுடம்மா 1971 முதல் 1977 வரை அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். 1971 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. அப்போது ஆந்திரத்தில் இருந்த, இன்று தெலங்கானாவில் உள்ள, கரீம்நகர் மாவட்டத்தை மன்றம் தத்தெடுத்து, தேசிய ஆய்வுக்கூடங்களின் அறிவை ஊரக வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் திட்டம் அவர் தலைமையில் செயற்படுத்தப்பட்டது. 1981–82 இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

மறைவு

1985 சூன் 23 அன்று கனடாவிலிருந்து திரும்புகையில், அவர் பயணம் செய்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. விமானத்தில் இருந்த 329 பேரும் உயிரிழந்தனர். அவருடைய மனைவியான மருத்துவர் பவனாவும் சிறிது காலத்தில் காலமானார். நாயுடம்மாவின் பெயரால் நினைவு விருது ஒன்று தெனாலியில் நிறுவப்பட்டு, அறிவியலாளர்களுக்கு வழங்கப்பட்டு வருகிறது.

மதிப்பீடு

1970களின் தொடக்கத்தில் அரைகுறைத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. இம்மாற்றத்துக்குத் தேவையான தொழில்நுட்பமும் பயிற்சி பெற்ற பொறியாளர்களும் நாட்டிலேயே கிடைத்தமைக்கு, நாயுடம்மா வளர்த்த நிறுவனம் முக்கிய காரணமாகும்.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. குரோமிய முறை பரவியதால் பாலாற்றுப் படுகையின் நிலமும் நிலத்தடி நீரும் பெரிதும் மாசுற்றன. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை வலியுறுத்தியது. பட்டைக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்பட்ட சீகை மரங்கள், சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்த அயல் மரங்களாக இன்று அகற்றப்பட்டு வருகின்றன.

அவருடைய மறைவுக்குப் பின், கழிவுநீரைத் தூய்மைப்படுத்துதல், குரோமியத்தை மீட்டெடுத்தல், நொதிகளைக் கொண்டு மயிர் நீக்குதல் ஆகியவை அடையாற்று நிறுவனத்தின் முதன்மை ஆய்வுகளாயின. தொழிலாளியின் இடர்களையும் ஆலையின் குறைகளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரும் வழக்கத்தை அவர் தொடங்கிவைத்தார். அத்தொழில் விளைவித்த கேடுகளுக்குத் தீர்வு தேடும் பணியும் அவ்வழியிலேயே தொடர்கிறது.